மூலையைக் கிட்டப் போய்ப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீடு கட்டுபவர்களுக்காக நீங்கள் போடும் இணைப்பில் காட்டேஜ் பாணி ஜன்னல்களைப் பற்றி அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. படம் நன்றாகவே இருந்தது. பழுப்பு நிறத்தில் மர ரேகை ஓடுகிற யூபிவிசி, அதாவது கெட்டிப் பிளாஸ்டிக் ஜன்னல், குறுக்கே மெல்லிய சட்டங்கள், கீழே ஒரு பூந்தொட்டி. எனக்குப் படத்தோடு சண்டை இல்லை. கட்டுரையில் இருந்த இரண்டு வரிகளோடுதான் சண்டை: 'அசல் மரம் போலவே இருக்கும்', 'பராமரிப்பே தேவையில்லை'. இதே மாதிரி ஜன்னலை என் வீட்டில் மாட்டி மூன்று வருஷமாகத் தினமும் திறந்து மூடிக்கொண்டிருப்பவள் என்கிற முறையில் சொல்கிறேன், முதல் வரி பாதிதான் உண்மை. இரண்டாவது வரியைக் கடைக்காரர் சொல்லலாம், அவர் பிழைப்பு அது, நீங்கள் அச்சில் போடலாமா?

இந்த வகை ஜன்னலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பிடித்துத்தான் வாங்கினேன், இன்றும் பிடித்திருக்கிறது. கேஸ்மென்ட் என்று ஏதோ புது வஸ்து மாதிரி சொன்னாலும் விஷயம் ரொம்பப் பழையது, பக்கத்தில் கீல் வைத்துக் கதவு மாதிரி வெளியே தள்ளித் திறக்கிற ஜன்னல், அவ்வளவுதான். இரண்டு கண்ணாடி வைத்து நகர்த்துகிற ஜன்னலில் ஒன்று எப்போதும் இன்னொன்றை மறைத்துக்கொண்டு நிற்கும், எவ்வளவு பெரிதாக வைத்தாலும் பாதி வாய்தான் திறக்கும். கீல் ஜன்னலில் முழு வாயும் திறக்கும். போதாததற்கு, திறந்த கதவு சுவருக்கு வெளியே ஒரு கையை நீட்டின மாதிரி நிற்பதால், சுவரை ஒட்டிச் சும்மா போகிற காற்றைக்கூட மறித்து உள்ளே திருப்பிவிடும். அதற்குக் கீல் எந்தப் பக்கம் என்பது முக்கியம். வெளியே நின்று பார்க்கும்போது காற்று இடப்பக்கமிருந்து வருகிறதென்றால் கீல் வலப்பக்கம் இருக்க வேண்டும், மாற்றி வைத்தால் அதே கதவு காற்றுக்குத் தட்டி கட்டின மாதிரி ஆகிவிடும். நான் ஆர்டர் கொடுத்த கடையில் யாரும் இதைக் கேட்கவில்லை. எந்தக் கலர் என்று மட்டும் மூன்று தடவை கேட்டார்கள். பழந்தமிழில் ஜன்னலுக்குக் காலதர் என்று ஒரு பெயர் உண்டு, கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆங்கிலத்தின் விண்டோவும் ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததுதான். பெயர் வைத்தவர்களுக்குக் காற்று ஞாபகம் இருந்திருக்கிறது, நமக்குத்தான் கலர்.

சரி, காட்டேஜ் பாணி என்றால் என்ன என்பதையாவது கட்டுரை சொல்லியிருக்கலாம். இங்கிலாந்துக் கிராமத்துச் சின்ன வீடுகளின் ஜன்னல் அது. குறுக்குச் சட்டம் போட்டுச் சின்னச் சின்னக் கண்ணாடியாகப் பிரித்திருப்பது அழகுக்காக என்று நினைக்கிறோம், அது முதலில் வேறு வழியில்லாமல் வந்தது. அந்தக் காலத்தில் கண்ணாடியை ஊதி, வேகமாகச் சுழற்றித் தட்டு மாதிரி விரியவிட்டு, அதிலிருந்து துண்டு துண்டாக வெட்டி எடுப்பார்கள். பெரிய துண்டு கிடைப்பதே அபூர்வம். கிடைத்த துண்டுகளை ஈயப் பட்டையில் கோத்தோ மரச் சட்டத்தில் பதித்தோ ஒரு ஜன்னலை நிரப்புவார்கள். தட்டின் நடுவில், சுழற்றுவதற்குப் பிடித்த கம்பி ஒட்டியிருந்த இடம் தடித்துக் குமிழாக நிற்கும், அது மட்டமான சரக்கு, மலிவாகப் போகும். இன்றைக்கு அதே குமிழை வேண்டுமென்றே வார்த்து அலங்காரக் கண்ணாடி என்று கூடுதல் காசு வாங்குகிறார்கள், என்னத்தைச் சொல்ல. உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டு நெளிவில்லாமல் எடுக்கும் முறையை ஆலஸ்டர் பில்கிங்டன் கண்டுபிடித்து, அது 1959இல் வெளியே தெரிந்த பிறகுதான் பெரிய, சுத்தமான கண்ணாடி சாதாரண வீடுகளுக்கும் எளிதாக எட்டியது.

இப்போது உள்ளே ஒரே பெரிய கண்ணாடிதான். குறுக்குச் சட்டம் வேஷம். அந்த வேஷத்தை இரண்டு விதமாகப் போடுகிறார்கள். ஒன்று, இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே மெல்லிய பட்டையை வைத்து மூடிவிடுவது. இன்னொன்று, கண்ணாடியின் இரண்டு பக்கமும் வெளியே சட்டத்தை ஒட்டுவது. நடுவில் வைத்ததைத் துடைப்பது சுகம், ஒரே இழுப்பில் துணி போய்விடும். ஆனால் சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது நிஜச் சட்டம் கண்ணாடி மேல் ஒரு நிழல் போடுமே, அது இதில் வராது, தட்டையாகக் கோடு கிழித்த மாதிரி இருக்கும். நான் நடுவில் வைத்ததைத்தான் வாங்கினேன். துடைக்கிற நாளில் சந்தோஷம், மற்ற நாளெல்லாம் கொஞ்சம் வருத்தம்.

'மரம் போல' என்கிற விஷயத்தில் ரேகைக்கு முன்னாடி பார்க்க வேண்டியது வடிவம். பழைய காட்டேஜ் ஜன்னலில் கதவை மூடினால் அது நிலைக்குள்ளே போய், நிலையின் மட்டத்துக்கே உட்காரும். 20ஆம் நூற்றாண்டில் சாரல் உள்ளே வராமலிருக்கக் கதவின் விளிம்பு நிலையின் மேல் ஏறி மூடும்படி மாற்றினார்கள். இன்று கிடைக்கும் யூபிவிசி ஜன்னல்களில் நிறைய இப்படி ஏறி மூடுகிறவைதான். அதில் எவ்வளவு உயர்ந்த மர ரேகை ஒட்டினாலும் கதவு தனியாகப் பிதுங்கிக்கொண்டு தெரியும். மட்டத்துக்கு உட்காரும் வகையும் இருக்கிறது, கேட்டால்தான் காட்டுவார்கள். அப்புறம் இன்னொன்று, மூன்று பாகமுள்ள ஜன்னலில் இரண்டு பக்கமும் திறக்கும், நடுவில் மட்டும் அசையாத கண்ணாடி என்றால், நடுவில் கதவுச் சட்டம் இல்லாததால் அந்தக் கண்ணாடி மட்டும் பெரிதாகத் தெரியும். என் வரவேற்பறையில் அப்படித்தான் இருக்கிறது, முன்பல் விழுந்த சிரிப்பு மாதிரி. அந்த இடத்தில் திறக்காத கதவுச் சட்டம் ஒன்றைச் சும்மா வைத்தால் மூன்றும் ஒரே அளவாகிவிடும் என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இனி ரேகை. பிளாஸ்டிக் சட்டத்தின் மேல் ஒட்டியிருப்பது மரத்தின் படம் அச்சிட்ட ஒரு மேல்தாள். அடியில் பிவிசி, அதன் மேல் அச்சு, அதற்கும் மேல் வெயில் தாங்க ஓர் அக்ரிலிக் படலம், எல்லாம் சேர்ந்து சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். உங்கள் நகத்தின் கனத்தில் பாதி கூடத் தேறாது. கையில் தட்டுப்படுகிற மாதிரி கோடுகளை அமுக்கியிருப்பதால் தடவினால் மரம் என்றே தோன்றும், நல்ல வேலைப்பாடு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அச்சு உருளையில் ஓடுவது, ஒரு சுற்று முடிந்ததும் அதே ரேகை திரும்ப வரும். என் ஜன்னலின் ஓக் மர ரேகையில் கிளி மூக்கு மாதிரி ஒரு முடிச்சு இருக்கிறது. முதலில் ரொம்ப அழகாகத் தெரிந்தது. அப்புறம் வீட்டுக்கு வந்த ஒரு வாண்டு, 'இங்கேயும் கிளி, இங்கேயும் கிளி' என்று நாலு இடத்தில் விரல் வைத்துக் காட்டியது. அன்றைக்கிருந்து எனக்கு ஓக் மரம் கண்ணில் படுவதில்லை, கிளிதான்.

இதைவிட நிச்சயமாகக் காட்டிக்கொடுப்பது மூலை. தச்சர் செய்த ஜன்னலில் நெட்டுச் சட்டம் மேலிருந்து கீழ்வரை முழுசாக ஓடும், குறுக்குச் சட்டத்தின் முனையைச் செதுக்கி அதன் துளைக்குள் சொருகியிருப்பார். ஆகவே நெட்டு ரேகையும் குறுக்கு ரேகையும் ஒரு நேர்கோட்டில் முட்டி நிற்கும். பிளாஸ்டிக்கில் இரண்டு துண்டையும் 45 டிகிரிக்குச் சாய்த்து வெட்டி, முனையைச் சூடேற்றி, அழுத்தி ஒட்டவைக்கிறார்கள். பிதுங்கிய பிளாஸ்டிக்கைச் சீவி எடுக்கும்போது மேல்தாளும் சேர்ந்து போய், மூலையில் சாய்வாக ஒரு சின்னப் பள்ளம் விழும், அதன் மேல் பேனா மாதிரி ஒன்றால் நிறம் தீட்டிவிடுவார்கள். படச்சட்டத்தின் மூலை மாதிரியே இருக்கும். பத்தடி தள்ளி நின்றால்கூடக் கண் அதைப் பிடித்துவிடும், ஏன் மரமாகத் தெரியவில்லை என்று புரியாமலே ஏதோ உறுத்தும். மரவேலை மாதிரியே நேராக முட்டவைத்துச் சேர்க்கும் வகையும் இப்போது செய்கிறார்கள். அதுவும் கேட்டால்தான்.

மேல்தாளுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் வெள்ளையா பழுப்பா என்றும் கேட்டிருக்க வேண்டும். இதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன்.

படுக்கையறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. அதன் ஒரு கதவு 60 சென்டிமீட்டர் அகலம், 120 உயரம். கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ இருக்கும், 4 மில்லிமீட்டரில் இரட்டைக் கண்ணாடி என்றால், சட்டத்தின் அகலம் போக, அந்த ஒரு கதவில் கண்ணாடி மட்டுமே 10 கிலோ வாக்கில், சட்டத்தையும் சேர்த்தால் நாலு வயதுக் குழந்தையைப் பக்கவாட்டில் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு கீல்கள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிய முதல் கோடையில் மத்தியானம் ஆனால் அது மூடாது. கைப்பிடி திரும்பாது. ராத்திரி வெண்ணெய் மாதிரி மூடும். ஜன்னல் போட்டுக்கொடுத்தவர்கள் அனுப்பிய பையன் வந்து பார்த்து, 'நீங்க வேகமா இழுக்கிறீங்கம்மா' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் வந்தது காலை எட்டு மணிக்கு, அப்போது அது சமர்த்தாகத்தான் மூடியது.

இரண்டாவதாக, தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஒரு வயதான மெக்கானிக் வந்தார், நானே கெஞ்சி மத்தியானம் மூன்று மணிக்கு வரச்சொன்னேன். அவர் பையிலிருந்து எந்தக் கருவியும் எடுக்கவில்லை. அங்கே கிடந்த செய்தித்தாளில் ஒரு பட்டை கிழித்தார், உங்கள் பத்திரிகைதான் என்று நினைக்கிறேன், அதைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே வைத்து மூடி இழுத்தார். மேல் மூலையில் தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. கைப்பிடிப் பக்கத்துக் கீழ் மூலையில் வரவே இல்லை, கிழிந்தது. 'கதவு தொங்குது, அதோட வெயில்ல நீளுது, ரெண்டும் சேர்ந்துக்கிச்சு' என்றார். கண்ணாடியைச் சுற்றிப் பிடித்திருக்கும் பீடிங் பட்டையைக் கழற்றினார், கண்ணாடியைத் தட்டையான ஒரு பட்டையால் நெம்பித் தூக்கி, கீல் பக்கம் கீழ் மூலையிலும் கைப்பிடிப் பக்கம் மேல் மூலையிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் துண்டுகளைச் சொருகினார். பெரிய கேட்டில் மூலைக்கு மூலை ஒரு சட்டம் முட்டுக் கொடுத்திருப்பார்களே, அந்த வேலையை இதில் கண்ணாடியே செய்கிறது. முதலில் மாட்டினவர்கள் அந்தத் துண்டுகளை ஒழுங்காக வைக்கவில்லை. கதவு நிமிர்ந்துவிட்டது, மொத்தம் இருபது நிமிஷம்.

வெயிலில் நீளுவதற்குத்தான் அவரால் முழுசாக ஒன்றும் செய்ய முடியவில்லை. பிவிசி ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் நீளும். 120 சென்டிமீட்டர் கதவு 40 டிகிரி கூடுதலாகச் சூடானால் 3 மில்லிமீட்டருக்கு மேல். சட்டத்துக்குள்ளே வலுவுக்கு வைத்திருக்கும் இரும்பு கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், அது மெதுவாகத்தான் நீளும், ஆனாலும் முழுக்கப் பிடிக்காது. வெள்ளை ஜன்னலில் இவ்வளவு தெரியாது. கரும்பழுப்பு மர ரேகை ஒட்டினால் அது வெயிலைக் குடிக்கும், நேர் வெயிலில் மேற்பரப்பு 70 டிகிரியைத் தொடுவது சாதாரணம், அந்தப் பிளாஸ்டிக்கோ 80 டிகிரி வாக்கில் இளக ஆரம்பிக்கிற சாதி. ஆகவே நிறம் என்பது வெறும் நிறம் இல்லை. மேற்குச் சுவருக்கு வெளிர் நிறம் எடுக்கலாம், இல்லை வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும் மேல்தாள் போட்டதா என்று கேட்டு வாங்கலாம். நிலைக்கும் சுவருக்கும் நடுவே நீளுவதற்கு இடம் விட்டு, அதை நெகிழ்ந்து கொடுக்கிற பூச்சால் அடைக்க வேண்டும். என் வீட்டில் இடமே விடாமல் சிமென்ட் பூசி இறுக்கியிருந்தார்கள். அவர் ஒரு பக்கம் கொத்திவிட்டுச் சரிசெய்தார்.

மர ஜன்னல் மழைக்காலத்தில் இறுகும், ஈரம் குடித்து அகலமாகும், வெயில் வந்தால் தானாக இளகும், அது நமக்குப் பழகின குணம். இது நேர் எதிர்.

இதற்கிடையில் அந்தக் கீழ் மூலை ஒரு கோடை முழுக்க உரசியதில் மேல்தாள் தேய்ந்து கட்டைவிரல் நீளத்துக்கு வெள்ளையாகிவிட்டது. உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக். பழுப்புப் பிளாஸ்டிக்காக இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பேனா வைத்துத் தீட்டியிருக்கிறேன், வெள்ளை மறைந்தது, ரேகை வரவில்லை. மரமாக இருந்தால் தேய்த்து வார்னிஷ் அடித்தால் கதை முடிந்தது, கீழ்ச் சட்டம் உளுத்துப்போனால்கூட அந்தத் துண்டை மட்டும் வெட்டி வேறு வைப்பார்கள். அதற்காக மரமே உத்தமம் என்று நான் வாதாடவில்லை. சில வருஷத்துக்கு ஒருமுறை வர்ணம் அடிக்கிற பொறுமை எனக்கில்லை என்பதால்தானே இதற்கு வந்தேன். அலுமினியத்திலும் மர ரேகை வருகிறது, வர்ணப் பவுடர் பூசி, அதன் மேல் மையைச் சுமார் 200 டிகிரி சூட்டில் ஆவியாக்கி உள்ளே இறக்குகிறார்கள், தாள் ஒட்டுவதில்லை, ஆகவே உரிவதற்கு ஒன்றும் இல்லை. சூட்டைக் கடத்துவதில் அது வேறு தலைவலி, நடுவில் சூடு கடத்தாத பட்டை வைத்ததாகப் பார்க்க வேண்டும்.

'பராமரிப்பே தேவையில்லை' என்பதற்கு வருகிறேன். நிலையின் அடியில் தண்ணீர் வெளியேறச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். உள்ளே இறங்குகிற மழைத் தண்ணீர் அதன் வழியாக வெளியே போக வேண்டும், அந்த மாதிரித்தான் ஜன்னலையே வடிவமைத்திருக்கிறார்கள். அதைக் குளவி மண் வைத்து அடைக்கும், இல்லாவிட்டால் தூசி அடைக்கும், அடைத்தால் தண்ணீர் உள்ளே எட்டிப்பார்க்கும். அதை ஒரு குச்சியால் குத்திவிடுவது பராமரிப்பு இல்லையா? கீலில் மண் சேர்ந்தால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். பாதி திறந்த கதவு காற்றில் தானாக ஆடினால் கீலில் இருக்கும் சின்னத் திருகைக் கொஞ்சம் இறுக்க வேண்டும், அதை யாரும் சொல்லித் தருவதில்லை. தின்னர் பட்டால் மேல்தாள் போச்சு, இரும்பு நார் பட்டாலும் அப்படித்தான். கடையிலிருந்து வரும்போது மேலே ஒட்டியிருக்கும் பாதுகாப்பு பிளாஸ்டிக்கை வேலை முடிந்ததும் உரித்துவிட வேண்டும், வீடு குடிபோகிற வரைக்கும் இருக்கட்டும் என்று விட்டால் வெயிலில் வெந்து ஒட்டிக்கொள்ளும். நான் ஒரு ஜன்னலில் விட்டேன், நகத்தால் சுரண்டியே இரண்டு ஞாயிறு போயிற்று. வாரண்டித் தாளையும் முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள். சட்டத்துக்கு எத்தனை வருஷம், மேல்தாளுக்கு எத்தனை, கீலுக்கும் கைப்பிடிக்கும் எத்தனை என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள், பெரிய எழுத்தில் இருப்பது ஒன்று மட்டும்தான்.

உங்கள் கட்டுரையில் இவ்வளவும் வந்திருக்க வேண்டும் என்று கேட்கவில்லை, அரைப் பக்கத்தில் எவ்வளவுதான் வரும். நான் கடைக்குப் போனபோது நிறக் கார்டு ஒன்றைக் கையில் கொடுத்து உட்கார வைத்தார்கள், தங்க ஓக், ரோஸ்வுட், மகாகனி என்று விசிறி மாதிரி விரிந்தது, அதிலேயே ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. சட்டத்தைக் குறுக்கே வெட்டின ஒரு துண்டு மேஜைக்கு அடியில் காகிதம் பறக்காமல் வைக்கும் எடையாகக் கிடந்தது. அதைத் திருப்பிப் பார்த்திருந்தால் உள்ளே வெள்ளை என்பது, இரும்பு இருக்கிறது என்பது, மேல்தாள் எவ்வளவு மெல்லிசு என்பது எல்லாமே ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஜன்னலைப் பற்றிப் போடும்போது பூந்தொட்டியோடு முழு வீட்டுப் படம் வேண்டாம். குறுக்கே வெட்டின துண்டு ஒன்று, இரண்டு சட்டம் சேருகிற மூலை ஒன்று, இந்த இரண்டையும் கிட்டப் பிடித்துப் போடுங்கள். என் வீட்டு மூலையைப் படம் பிடிக்க வேண்டுமென்றாலும் சரி, ஆளை அனுப்புங்கள், வெள்ளையான இடத்தையும் காட்டுகிறேன். மத்தியானம் மூன்று மணிக்கு வரச்சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி